சுவரில் சாய்ந்து பார்த்திருந்தவளுக்கு

இன்று காலை பக்கத்தில் உன் வீட்டிலிருந்து புதுப் பெயிண்ட் வாசனை வந்தது. உன் மகன் இரண்டு நாளாக ஆள் விட்டு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறான். தறியில் உட்காரப் போன என்னை அவனே வந்து கூப்பிட்டான். "பெரியம்மா, ஒரு நிமிஷம் வந்து பாருங்க. எனக்கு இன்னாவோ மாதிரி இருக்குது" என்றான். முகம் வெளிறிப் போயிருந்தது.

நடு அறையில் நீ எப்போதும் சாய்ந்து உட்காரும் சுவரைக் காட்டினான். வெளிர்மஞ்சள் பூசி, இரண்டாவது பூச்சும் காய்ந்திருந்தது. அதன் நடுவில், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை வட்டமாக எழும்பியிருந்தது. இருபது வருஷம் உன் தலை சாய்ந்த இடம். பெயிண்டர் சலித்துக்கொண்டார். "தலை எண்ணெம்மா அது. மேல எவ்ளோ அடிச்சாலும் கசிஞ்சிகினுதான் இருக்கும். சுரண்டி எடுத்தாதான் போவும்."

அவருக்கு அது எண்ணெய். நானும் உன் மகனும் அதை நேராகப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தோம். அது எங்களைப் பார்ப்பது போல் இருந்தது.

ஒன்றரை வருஷமாக மறைத்து வைத்திருந்த ஒன்றை இன்று உன் மகனிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் இன்னும் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் மகள் புருஷன் வீட்டிலிருந்து பையோடு திரும்பி வந்த வருஷம் நான் எப்படிக் கிடந்தேன் என்று உனக்குத்தான் தெரியும். குக்கர் விசில் அடித்தால்கூட நெஞ்சு படபடக்கும். சோறு இறங்காது. உன் வீட்டுக்கு வந்து அழுவேன், போவேன், மறுபடி வருவேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதாந்த வகுப்பு நடக்கிறது என்று எங்கேயோ விசாரித்து வந்தவள் நீதான். "எங்க வீட்டுல வந்து அழுவுறதுக்கு அங்க போய் உக்காருக்கா. எனக்காவது நிம்மதி" என்று என்னைப் பிடித்துத் தள்ளினாய்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் அங்கே பாடம் எடுத்தார். எல்லாருக்கும் டீச்சரம்மா. விரதம், பரிகாரம் என்று எதுவும் சொல்லமாட்டார். முதல் நாள் என்னைப் பார்த்தே கேட்டார்: "கவலை வருது, போவுது. வந்ததும் தெரியுது, போனதும் தெரியுது. தெரிஞ்சிகினு இருக்குதே ஒண்ணு, அது வந்துதா, போச்சா? அது உங்களுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணுன்னு ரெண்டு இருக்குதா? போய் பாருங்க." எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தறியில் உட்கார்ந்து நாள்தோறும் பார்த்தேன். சில மாதம் கழித்து ஒரு காலையில், ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது நடந்தது. கவலை அங்கேயேதான் இருந்தது. அதைப் பார்ப்பதும் இருந்தது. பார்க்கிற அதற்குக் கவலை இல்லை. அவ்வளவுதான். அன்று மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

நிம்மதி வந்தது உண்மை. கூடவே தலைக்கனமும் ஏறியது. தெருவில் யாருக்கு எது வந்தாலும் அளக்க ஆரம்பித்துவிட்டேன். மாமியார் சண்டையா, பரீட்சையில் பெயிலா, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே மருந்து. நீ உடம்பு இல்லை, நீ மனசு இல்லை, நீ பார்க்கிறவள். நீ மட்டும்தான் என்னை மதிக்கவில்லை. "பாலு திரிஞ்சிபோச்சி சாமியாரம்மா. திரிஞ்சது பாலா, பார்க்கிற நானா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாய். நான் கோபித்துக்கொள்வேன். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். நான் தறியில் ஒரு முகூர்த்தப் புடவையின் முந்தியை நெய்துகொண்டிருந்தேன். நீ வந்து என் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கழுத்தெல்லாம் வேர்வை. "நெஞ்சு ஒரு மாதிரி பிசையுதுக்கா. இந்த கை மரத்துபோன மாதிரி இருக்குது" என்றாய். முந்தியை நடுவில் நிறுத்தினால் பட்டில் கோடு விழும். எனக்கு இறங்க மனசில்லை. இதைத்தான் நான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். எனக்கு இறங்க மனசில்லை. தறிப் பலகையை அடித்துக்கொண்டே, உன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சொன்னேன்: "வலி வருது, போவுது. நீ அத பார்க்கிறவ. போய் உக்காந்து பாருடி."

"பார்த்துகினே இருக்கட்டுமாக்கா?" என்று கேட்டாய். கேலியே இல்லாமல் கேட்டாய். அதில்கூட எனக்கு உறைக்கவில்லை.

"இரு" என்றேன்.

மத்தியானம் கரண்ட் போனது. தெருவின் பவர்லூம்கள் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. அந்த அமைதியில்தான் உன் நினைவு வந்தது. இறங்கி வந்தேன். கதவு திறந்திருந்தது. சுவரில் தலை சாய்த்து, மடியில் கை வைத்து, கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். நான் சொன்னபடியே செய்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எதிரில் உட்கார்ந்தேன். "பரவால்லடி, கத்துகினியே" என்றேன். எவ்வளவு நேரம் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. சாட்சி என்றால் இதுதான், இதில் பயமே கிடையாது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஈ வந்து உன் கண்ணோரத்தில் உட்கார்ந்தது. நீ இமைக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, எவ்வளவு சாந்தமாகப் போயிருக்கிறாள், ஞானி மாதிரி, என்று சொன்னார்கள். பக்கத்து வீட்டுச் சாமியாரம்மாவின் சகவாசம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ என்னைப் பார்க்க ஆரம்பித்தாய். பகலில்தான். தறியில் குனிந்தால் பிடரியில் உன் பார்வை படும். தண்ணீர்க் குடத்தில் முகம் தெரிந்தால் அதில் இருக்கும் கண் இமைக்காததுபோல் இருக்கும். கரண்ட் போய்த் தெரு அடங்கினால் உன் குரல் கேட்காது, நீ கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் தெரியும். வகுப்பில் கண்ணை மூடுவேன். முன்பெல்லாம் எந்த இடத்தில் நிம்மதி இருந்ததோ அந்த இடத்தில் இப்போது நீ உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஊருக்கெல்லாம் வேதாந்தம் சொன்னவள், மந்திரித்த கறுப்புக் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு திரிந்தேன். நீ இருந்திருந்தால் ஒரு மாதம் சிரித்திருப்பாய்.

போன ஞாயிறு வகுப்பு முடிந்ததும் டீச்சரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். எல்லாம் மாயை, நடக்க வேண்டியது நடந்தது, அந்த மாதிரி ஏதாவது. அவர் முகம் கடுத்துப்போனது.

"தப்புதாங்க. ஆஸ்பத்திரிக்கு கூட்டிகினு போயிருக்கணும். நீங்க சொன்னது வேதாந்தம் இல்ல, சோம்பேறித்தனம்" என்றார். பிறகு, "அவங்க உங்கள பார்க்கிறாங்கன்னு சொல்றீங்களே, அந்தப் பார்வையில கோவம் இருக்குதா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. பயத்துல திரும்பிப் பார்த்ததே இல்ல."

"பாருங்க. பையன்கிட்டயும் சொல்லிடுங்க. மறைச்சி வெச்சிகினு தியானம் பண்ண முடியாது."

இன்று காலை அந்தக் கறைக்கு முன்னால் நின்றபோது பெயிண்டர் டீ குடிக்க இறங்கிப் போனார். இதைவிட்டால் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். புடவை, கோடு, "இரு" என்றது, உன் எதிரில் உட்கார்ந்து பேசியது, எல்லாம். உன் மகன் கத்துவான், வீட்டை விட்டுப் போகச் சொல்லுவான் என்று காத்திருந்தேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா எனக்கு போன் பண்ணுச்சி பெரியம்மா, அன்னிக்கி காலைல" என்றான். "செய்யார் கம்பெனில ஷிப்ட்ல இருந்தேன். சூப்பர்வைசர் பக்கத்துல நின்னுகினு இருந்தாரு. மாத்திரை போட்டுகினு படும்மா, சாய்ந்தரம் வந்து பார்க்கிறேன்னு வெச்சிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. மெஷின்ல நிக்கிறப்போ முதுகுக்குப் பின்னாடி நின்னு பார்த்துகினே இருக்குது. திரும்பினா யாரும் இல்ல."

இத்தனை நாள் ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே பார்வைக்கு அஞ்சி இரண்டு பேர் இருந்திருக்கிறோம். நீ அன்று இரண்டு கதவைத் தட்டியிருக்கிறாய். இரண்டிலும் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

நான் உன் இடத்தில் போய் உட்கார்ந்தேன். கறைமேல் என் தலையைச் சாய்த்தேன். அவனும் வந்து பக்கத்தில் சாய்ந்துகொண்டான். நீ கடைசியாகப் பார்த்ததைப் பார்த்தோம். வாசல், படி, அதற்கப்பால் என் வீட்டு வேலியில் காயும் ஒரு துண்டு. முதல் தடவையாகத் திரும்பி உன் பார்வையைத் தேடினேன். கோபம் இருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் தேடினேன். பார்ப்பது இருந்தது. அதற்கு முகம் இல்லை. அது உன்னுடையதாக இல்லை, என்னுடையதாகவும் இல்லை. என் மகள் திரும்பி வருவதற்கு முன்னாலும், நான் பாவாடை கட்டிக்கொண்டு ஓடிய நாளிலும் இதே பார்வைதான் இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் கண் வழியாகப் பார்ப்பதும் அதுதான் என்று ஒரு கணம் தெரிந்தபோது, பேயைக் கண்டதைவிட அதிகமாக நடுங்கிப்போனேன். பிறகு நடுக்கம் அடங்கியது. டீச்சரம்மா இரண்டு கிடையாது என்றது இதைத்தான் போலிருக்கிறது.

"யாரும் இல்ல இல்ல பெரியம்மா?" என்று அவன் மெல்லக் கேட்டான்.

"இல்லடா" என்றேன்.

என் தப்பு தப்பாகவே இருக்கிறது. அதை எந்தத் தத்துவத்தாலும் துடைக்கப் போவதில்லை. அதைப் பார்க்காமல் ஓடுவது மட்டும் நின்றிருக்கிறது. இனி யாராவது வலி என்று வந்து நின்றால் வாயை மூடிக்கொண்டு ஆட்டோ கூப்பிடுவேன். வெறும் வாயுப் பிடிப்பு என்று டாக்டர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்தேன். பிடரியில் எதுவும் படவில்லை. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் நெய்தேன். பிறகுதான் ஒன்று தெரிந்தது. இத்தனை நாளும், என்னை முறைத்துக்கொண்டாவது நீ பக்கத்திலேயே இருக்கிறாய் என்று மனசின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நாடாவைக் கீழே வைத்துவிட்டு, நீ செத்துப்போனதற்காக முதல் தடவையாக அழுதேன்.