பேய் பிடிக்காத தலைமையாசிரியை

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

வெளிவருமுன் நீ அனுப்பிய படத்தை ஒரே மூச்சில் பார்த்துவிட்டேன். 'பேய்ப்படம் எடுக்கவா உன்னைப் பெற்றேன்' என்று கேட்ட நானே மறுபடி முதலிலிருந்து போட்டேன். உன் அப்பா இருந்திருந்தால் இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பார்.

உன் பேய் யார் கழுத்தையும் கடிக்கவில்லை. வகுப்பில் வாயே திறக்காத பெண்களாகப் பார்த்துப் பிடிக்கிறது. பிடித்ததும் அவர்கள் பேசுகிறார்கள். பள்ளி நிர்வாகியின் மகன் ஓர் ஏழை மாணவிக்குக் கொடுத்த தொல்லை, அவள் மாடியிலிருந்து விழுந்தது, ஊரே விபத்து என்று தலையாட்டியது, எல்லாம் வெளியே வருகிறது. இல்லாதவள் கொடுத்த புகார் காதில் விழ ஒரு பேய் வேண்டியிருக்கிறது. இதைவிட அரசியலை எந்த மேடையில் பேசுகிறார்கள்?

ஒரு குறை. சீருடைக் காலர்கள் கஞ்சி காணாமல் தொங்குகின்றன. எங்கள் கான்வென்ட்டில் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அம்மா

மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை எடிட்டிங் அறையில் சத்தமாக வாசித்தேன், காலரை மட்டும் விட்டுவிட்டு.

தயாரிப்பாளர் முடிவை மாற்றச் சொல்கிறார். படத்தில் வரும் தலைமையாசிரியையையும் பேய் பிடித்திருந்தது, அதனால்தான் அந்த மாணவியின் புகாரைக் கிழித்தாள் என்று வர வேண்டுமாம். "படிச்ச பொம்பள அப்படிச் செய்வாங்களாம்மா? ஜனம் ஒத்துக்காது" என்கிறார். வெள்ளிக்கிழமை சரி சொல்லிவிடப் போகிறேன். அவள் பேசும் வசனம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். தியேட்டரில் அதற்குக் கூச்சல் எழுந்தால் என்னால் தாங்க முடியாது.

உங்கள் மகள்

மார்ச் 12

மகளே,

"பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டா உன் பேரு மட்டும் நிக்குமா?" முதல் தடவையே புரிந்தது. கான்வென்ட்டில் அதே தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்து, புகாரோடு வந்த பெண்ணிடம் நான் சொன்னதுதான்.

மாற்றாதே. பேய் என்றால் மந்திரித்துவிட்டால் ஓடிவிடும். நாங்கள் குளித்து, தலைவாரி, பிரார்த்தனை முடித்து, முழு சுயநினைவோடு சொன்னோம். உன் படம் பார்க்கும் பிள்ளைகள் அதற்குத்தான் பயப்பட வேண்டும். கூச்சல் போட்டால் போடட்டும், எனக்குத் தோல் கெட்டி.

அம்மா

மார்ச் 18

அம்மா,

பழைய முடிவே நிற்கிறது! தயாரிப்பாளர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்தவர், "இவங்க குரலே கிடைக்குமா?" என்று கேட்டார். அந்த ஒரு வசனத்துக்கு மட்டும். வருவீர்களா?

உங்கள் மகள்

மார்ச் 21

மகளே,

வருகிறேன். கார் அனுப்பாதே, பஸ்ஸிலேயே வருவேன்.

ஒரே நிபந்தனை. அந்த மாணவியாக நடித்த பெண்ணை என் எதிரே உட்கார வை. நான் சொல்லி முடிக்கும்வரை அவள் தலைகுனியக் கூடாது.

அம்மா