கட்டிலுக்கு அடியில் பதினோரு தட்டு

மாரிகுப்பம்,
20-9-1969

அன்புள்ள மகன் ஏகநாதனுக்கு அம்மா அம்சவேணி எழுதுவது. சௌக்கியம் என்று எழுதினால் பொய். உன் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் பக்கத்து வீடுகளின் தட்டுகள் பதினொன்று கிடக்கின்றன. பெருக்கக் குனியும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

உன் கடிதம் கிடைத்தது. துர்கா பூஜைக்கு உன் ஷிஃப்டு வங்காளிகள் எல்லாம் ஊருக்குப் போகிறார்களாம், அவர்கள் வேலையையும் நீயே பார்ப்பதாக ஒப்புக்கொண்டாயாம், அதனால் அப்பாவின் வருஷ திதிக்கு வர முடியாதாம். அட மகராசா! பொங்கலுக்கு வருகிறேன் என்றாய். ஆந்திராக்காரன் சங்கராந்திக்குப் போக வேண்டும் என்று அழுதான் என்றாய். ஹோலிக்கு பீகார்காரன், ஓணத்துக்கு மலையாளி. இந்தத் தேசத்துப் பண்டிகை எல்லாம் பிலாய் இரும்பு ஆலையில் உன் முதுகின் மேல்தான் நடக்கிறதா? உனக்கென்று ஒரு வீடு கிடையாதா?

இங்கே என் பாட்டைக் கேள். துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அது தெரிந்துதான் நம் லைன் வீடுகள் முழுக்க எனக்குக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அவர் போன மறுமாதமே தீபாவளி. தெலுங்கு வீட்டு மங்கம்மா அதிரசம் கொண்டுவந்தாள். ரம்ஜானுக்குப் பியாரி பீ பிரியாணி. அது செரிக்கவில்லை, அதற்குள் கிறிஸ்துமஸ். எதிர்வீட்டு ஃப்ளோரா கல்கல் பலகாரம் கொடுத்தாள். உகாதிக்கு மறுபடியும் மங்கம்மா, ஒப்பட்டுப் போளி. சாப்பிடுவது நான் ஒருத்தி. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் வீட்டில் உண்டா, நீயே சொல்.

போன வாரம் ஃப்ளோரா வாசலில் வந்து நின்று, "அக்கா, எங்க வூட்ல சோறு துன்ன தட்டு இல்ல. புள்ளைங்க மூடியில போட்டுத் துன்னுதுங்க. ஒரு பிடி சக்கரை போட்டாச்சும் குடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான்தான் கத்திவிட்டேன். "இன்னா பேச்சு பேசறே? அவர் இருந்த வூட்லேர்ந்து வெறும் சக்கரையா வரும்?" என்றேன். பாவம், திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் அவளே மீன் குழம்பு கொண்டுவந்தாள். இப்போது அந்தக் கிண்ணமும் கட்டிலுக்கு அடியில்.

உன் அப்பா ஏற்படுத்திய பழக்கம் இது. தீபாவளி அன்று நைட் ஷிஃப்டு முடிந்து சுரங்கத்திலிருந்து கேஜில் ஏறி வந்தவர் படுக்கவே மாட்டார். குளித்துவிட்டு, நான் சுட்டதை அடுக்கி எடுத்துக்கொண்டு, "இந்தாம்மா, எங்க வூட்டு தீபாவளி!" என்று வாசல் வாசலாக அவரே போவார்.

திதி புரட்டாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். அது பிள்ளை கையால் ஆக வேண்டும். உன் சித்தப்பா மகன் வேணுகோபால், "நான் பண்றேன் பெரிம்மா, அண்ணனைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்கிறான். நல்ல பையன்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நீ ஏன் நழுவுகிறாய் என்று எனக்குத் தெரியும். நீ ரயிலில் வந்து சேர்வதற்குள் அவரை மண்ணில் வைத்துவிட்டோம். காரியம் முடிந்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய், என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் உடம்பை வைத்திருக்க முடியவில்லை, கண்ணு. உன்மேல் தப்பில்லை. லைனில் ஒருவரும் உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீயாகச் சொல்லிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாய்.

திதி முடிந்த மறுநாளே சட்டி வைப்பேன். தீபாவளிவரை பொறுக்க ஃப்ளோரா வீட்டில் தட்டு இல்லை. பலகாரம் நான் சுட்டுவிடுவேன், கையில் இன்னும் தெம்பு இருக்கிறது. ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு நான் போனால், கதவைத் திறக்கிறவர்கள் எனக்குப் பின்னால் அவரைத் தேடுவார்கள். அதை என்னால் தாங்க முடியாது.

அந்த வங்காளிகளிடம் போய், எங்கள் வீட்டிலும் ஒரு நாள் இருக்கிறது என்று சொல். நல்லவர்களாக இருந்தால் விடுவார்கள். மாரியம்மன் உன்னை வழியெல்லாம் காத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அதிரசத்துக்குப் பச்சரிசி வாங்கி வைத்துவிட்டேன். என்றைக்கு ஊறப்போடுவது என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா,
அம்சவேணி