சுவாஹிலிக்கு எதிராக ஒரு முறைப்பாடு

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ

அன்புள்ள அத்தானுக்கு,

யோகமலர் எழுதிக்கொள்வது. மாமியின் இடுப்பு வலி எப்படி? வவுனியாவில் வெயில் கடுமையாம். மகன் கிருபன் ஒழுங்காகப் படிக்கிறான், ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லிவிடலாம். ஃபோனில் சொல்ல வாய் வராத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதியோர் இல்லத்தில் எனக்குக் கீழே வேலை செய்யும் ஃபுராஹாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். கொங்கோக்காரி. அவளும் இன்னும் இரண்டு ஆபிரிக்கப் பெண்களும் சாப்பாட்டு நேரத்தில் தங்கள் பாஷையில் பேசி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மேற்பார்வை பார்க்கிற என்னைத்தான் நக்கலடிக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு புழுக்கம். போன மாதம் நிர்வாகத்திடம் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஃபுராஹா வயதானவர்களைத் தன் பாஷையில் கேலி செய்கிறாள் என்று எழுதினேன். அந்தப் பாஷையில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. நானும் கூட வேலை செய்யும் சுபாங்கியும் அதே மேசையில் இருந்து தமிழில் ஊர்வம்பு அளப்பது அப்போது நினைவுக்கே வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை புருண்டி நாட்டுக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். எண்பது வயது. மறதி நோயில் ஆங்கிலமும் பிரெஞ்சும் போய்விட்டன. இரண்டு நாளாக யார் ஊட்டினாலும் வாய் திறக்கவில்லை. ஃபுராஹா வந்தாள். கரண்டியைத் தொடவேயில்லை. குனிந்து, "ஷிகாமோ" என்றாள். மூத்தவர்களுக்குச் சொல்லும் மரியாதை வணக்கமாம். மனிதர் தலை நிமிர்ந்து, "மரஹபா" என்றார். பிறகு வீடு எப்படி, உடம்பு எப்படி, வழியெல்லாம் எப்படி என்று ஆறுதலாக நலம் விசாரித்தாளாம். சாப்பாட்டுப் பேச்சே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவராகவே வாயைத் திறந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது அத்தான்.

இருவரும் ஒரே ஊரோ என்று கேட்டேன். சிரித்தாள். அவர் முந்தி லொறி ஓட்டியவராம். தன்சானியாத் துறைமுகத்தில் சாமான் ஏற்றி, எல்லை தாண்டிப் புருண்டிக்குக் கொண்டுபோவாராம். அந்தப் பாதை முழுக்க எல்லாரும் பேசுவது சுவாஹிலிதானாம். அவருடைய தாய்மொழி வேறு, இவளுடையது வேறு. மற்ற இருவரில் கென்யாக்காரி வீட்டில் பேசுவது கிக்கூயு, தன்சானியாக்காரி பேசுவது சுகுமா. ஒருத்தியும் தன் வீட்டுப் பாஷையைக் கைவிடவில்லை, சந்தித்தால் சுவாஹிலி. ஒருத்தி சுவாஹிலி பேசும் விதத்தை மற்றவள் பழிப்புக் காட்டுவதில்தான் அவ்வளவு சிரிப்பாம். நான் அவர்கள் பேச்சில் வந்ததேயில்லை. நாலு நாட்டுச் சனத்துக்கு வாய்த்தது எங்கள் சின்னத் தீவுக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. இந்த வேலையை நம்பித்தான் ஃபுராஹா தன் இரண்டு பிள்ளைகளையும் இங்கே கூப்பிட விண்ணப்பம் எழுதியிருக்கிறாள். யார் முறைப்பாடு கொடுத்தது என்று அவளுக்குத் தெரியாது. இன்று மத்தியானம் வந்து என் கையைப் பிடித்தாள். எங்களைக் கேட்டுப் பழகி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"அக்கா, நாளைக்கு எனக்குப் பக்கத்தில வந்து இருங்கோ. என்ர வேலையை ஒவ்வொரு நாளும் பாக்கிறது நீங்கள்தானே" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். நான் ஓம் என்றேன்.

எழுதியது பொய் என்று சொன்னால் என் வேலையும் போகலாம். கேட்டால் நீங்கள் பேசாமல் இரு என்பீர்கள். அதற்குப் பயந்துதான் ஃபோன் எடுக்காமல், போய்ச் சேர நாள் பிடிக்கும் கடிதமாக எழுதுகிறேன். மாமியைக் கவனமாகப் பாருங்கள். இது கிடைத்ததும் என்னோடு பேசுங்கள். பேசும்போது எடுத்த எடுப்பில் ஏசாதீர்கள் அத்தான். உண்மையைச் சொன்னாயா என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள்
யோகமலர்