வீட்டுக்குள் வந்த கருவாடு

என்னைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொண்ட என் பாவாயிக்கு,

நீ போன பிறகு இந்த மலையில் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் அரைக்கிறார்கள். தோலெல்லாம் ஓடையோரம் குவிந்து அழுகிக் கிடக்கிறது. போன வருஷமும் இதே நாற்றம்தான். வேலை முடிந்து வந்தால் குளிக்காமல் உள்ளே விடமாட்டாய், நான் சிரிப்பேன். இப்போது ரைட்டர் என்று ஆட்களுக்கு வருகைப் பேர் போட நிற்கிற இடத்திலேயே குமட்டுகிறது.

அதைவிடக் குமட்டுவது துக்கம் கேட்க வருகிற ஜனங்கள். அழுதுகொண்டே படியேறுவார்கள். கண்ணைத் துடைத்த கையோடு, "ஏனுங்க ரைட்டரே, தொரைகிட்டச் சொல்லி எம்மவனுக்கு ஒரு வேலை..." என்று ஆரம்பிப்பார்கள். உன்னைக் காய்ச்சல் கொண்டுபோனது இவர்கள் மகனுக்கு வேலை கிடைக்கவா? துரை மட்டும் என்ன? தொப்பியைக் கழற்றி "வெரி சேட்" என்றார். அடுத்த மூச்சில் மேல்காட்டுப் பறிப்பு எப்போது முடியும் என்று கேட்டார். சீ.

சரி, என் லட்சணத்தையும் கேள். கருமாதி முடிந்தும் கொஞ்ச நாளைக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஒரு சந்தை நாளில் ஒண்டிக்கடைப் பக்கம் போனவன், கருவாட்டுக்காரி முன்னால் நின்றுவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வாயில் வைக்காத சாமான். "அந்தக் கருமம் ஊட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிருவனுங்க" என்று நீ சொன்னாய், நானும் விட்டுவிட்டேன். இப்போது நீதான் போய்விட்டாயே. வாங்கினேன்.

கத்தரிக்காயும் புளியும் போட்டு நானே குழம்பு வைத்தேன். பாவாயி, அப்படியொரு ருசி! இரண்டு தட்டுச் சோறு உள்ளே போனதே தெரியவில்லை. விரலைச் சூப்பிக்கொண்டிருக்கும்போதுதான் உன் நினைப்பு வந்தது. என்மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது. பெண்டாட்டியைப் புதைத்த ஈரம் காயவில்லை, இவனுக்கு நாக்கு கேட்கிறதே என்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஆனால் அடுத்த சந்தைக்கும் போனேன். அதற்கடுத்ததற்கும் போனேன். இதை யாரிடம் சொல்வது?

சொல்லாமலே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஓமலூரிலிருந்து என்னைப் பார்க்க வந்தவள் வாசலிலேயே மோப்பம் பிடித்தாள். முகமெல்லாம் சந்தோஷம். "நாக்கு ருசி தேடுதுன்னா மனசு தெளிஞ்சு போச்சுன்னு அர்த்தம் சாமி. இனி நான் பாத்துக்கறேன்" என்றாள். எதைப் பார்க்கப் போகிறாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உறைத்தது. ஒரு பெண்ணையும் அவள் அப்பனையும் அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். முறைப்படி என்றால் நாம்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும்; இரண்டாந்தாரம் தானே, பெண்ணையே கொண்டுவந்துவிட்டார்கள். அவளுக்குப் பதினாறு இருந்தால் அதிகம். காலெல்லாம் அட்டை கடித்த ரத்தம். அப்பன் அதைப் பார்க்கவில்லை, அண்ணாந்து என் வீட்டு ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நொம்ப நல்லா வேல செய்வாளுங்க ரைட்டரே" என்றான், மாட்டுப் பல்லைப் பிடித்துக் காட்டுகிறவன் போல. நான் இரண்டு தட்டுச் சோறு தின்றதற்கு இந்தப் பெண்ணின் தலையிலா கை வைக்க வேண்டும்?

கத்தியிருப்பேன். ஆனால் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அந்தப் பெண் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பசி. இலையைப் போட்டு முதலில் அவளை உட்காரச் சொன்னேன். "ஆம்பளைங்க இன்னும் சாப்புடல..." என்று அக்கா இழுத்தாள். நான் காதில் வாங்கவில்லை.

அவள் சாப்பிட்டதை நீ பார்த்திருக்க வேண்டும். முள்ளைக்கூட விடாமல் சப்பினாள். என் கைச் சமையலை இதற்கு முன்னால் யார் அப்படிச் சாப்பிட்டார்கள்? பல நாளைக்குப் பிறகு எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "கூச்சப்படாமச் சாப்புடு கண்ணு. எனக்கொரு பொண்ணு பொறந்திருந்தா உன்னாட்டந்தான் இருந்திருப்பா."

அவ்வளவுதான். பெண் பார்க்க உட்கார்ந்தவன் தன் வாயாலேயே மகள் என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் தாலிப் பேச்சு எடுக்க நம் பக்கத்தில் யாருக்குத் துணிவு வரும்? அப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கப்பா" என்றாள். கெட்டிக்காரி! போகும்போது மடி நிறைய ஆரஞ்சுப் பழம் கட்டிக் கொடுத்தேன். அக்காதான் பாதை முடியும்வரை திட்டிக்கொண்டு போனாள். "கெடச்ச பொண்ணக் கொழம்பு ஊத்திக் கெடுத்துப்போட்டயேடா!"

அவர்கள் போன பிறகு, வீட்டுக்குள் கொடியில் கிடந்த உன் ஊதாச் சேலையை எடுத்தேன். நீ படுக்கையில் விழுவதற்கு முன் கடைசியாகக் கட்டியது. துவைக்காமல் வைத்திருந்தேன், உன் தலையெண்ணெயும் வேர்வையும் அதில் இருந்தன. முகத்தில் வைத்தேன். கருவாடு. முந்தானை முழுக்கக் கருவாடு. நான் ருசித்துத் தின்றதெல்லாம் உன்மேல் ஏறிக் கிடக்கிறது. எந்த மடிப்பில் தேடியும் நீ இல்லை. அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

நாளைக்கு வெயில் வந்தால் துவைத்துப் போடுகிறேன். உனக்குப் பிடிக்காத நாற்றத்தில் உன் சேலையைக் கிடக்க விடமாட்டேன். கருவாட்டை விட்டுவிடுவேன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது பாவாயி; சோறு இறங்குவது இப்போது அதனால்தான். இனிமேல் முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி, மழையானாலும் பனியானாலும் அங்கேயே ஆக்கி, அங்கேயே தின்று, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
வாசற்படிக்கு வெளியே குந்திச் சாப்பிடும்
உன் அத்தை மகன்