கரை இல்லாத பக்கம்

என் உயிரான அண்ணே,

நீ போய் நாலு வருஷமாகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. உட்கார்ந்தால் எதை எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் உட்காரவே இல்லை. இன்றைக்குத் திருக்கோகர்ணத்துக் கடையை மத்தியானமே சாத்திவிட்டேன். ரிப்பேர் பண்ண மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவரிடம் வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினேன். பொய் சொல்வது எனக்குப் புதிதா என்ன?

யாழினி இப்போது எங்கே இருக்கிறாள் தெரியுமா? பெற்றது நான் என்றாலும் செல்லம் கொடுத்துக் கெடுத்தவன் நீதானே. நீ கனடாவில் சமையல் வேலை பார்த்தாயே, அந்த சுப்பீரியர் ஏரியை ஒட்டிய ஊரில்தான் படிக்கிறாள். நீ வீடியோவில் காட்டிக் காட்டியே அந்த ஏரியை அவள் தலைக்குள் ஏற்றிவிட்டுப் போய்விட்டாய். "குளிர் தாங்க மாட்ட ஆத்தா, வேற ஊர் பாரு" என்று தடுத்துப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். வேறு எந்தக் காரணத்தை நான் சொல்லியிருக்க முடியும்?

வாரம் ஒருமுறை போன் பண்ணி அந்த ஏரியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுவாள். நம் மாவட்டத்தைப் போல் பத்தைத் தூக்கி உள்ளே போட்டாலும் இடம் மிச்சமிருக்குமாம். பறவை ஒன்று இருக்கிறதாம், பெயர் லூன். "அது கத்துனா, தண்ணிக்குள்ள இருந்து யாரோ கூப்பிடுற மாதிரியே இருக்குப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எருமையைவிட உயரமான மூஸ் என்ற மிருகம் விடியலில் வந்து தண்ணீர் குடிக்குமாம். கோடையில் ஜனங்கள் சின்னப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டு திரிவார்கள், பனிக்காலத்தில் குடாத் தண்ணீர் உறைந்ததும் அதன் மேலேயே நடந்து போய் ஓட்டை போட்டு மீன் பிடிப்பார்கள். எல்லாம் நீ சொன்ன கதைதான். உன் வாயில் கேட்டபோது வேடிக்கையாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னதுதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. "சனிக்கிழமை ஆடி அமாவாசைல்லப்பா? பெரியப்பா வேல பாத்த லாட்ஜுக்குப் போறோம். அங்கன ஏரியில பெரியப்பாவுக்காக ஒரு முங்கு போடப் போறேன்."

"ஆழம் தெரியாம எறங்காதடி" என்றேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்? கரை இல்லாத பக்கமாப் பாத்துத்தான் எறங்குவேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அண்ணே, அதே வார்த்தை.

சின்ன வயதில் உனக்குக் காதில் சீழ் வைத்ததிலிருந்து ஆத்தா உன்னை நீச்சலுக்கு விடவில்லை. நம் கண்மாயில் ஒரு பக்கம்தான் மண்கரை, அதை ஒட்டித்தான் ஆழம். எதிர்ப்பக்கம், மழைத்தண்ணீர் வந்து சேருகிற உள்வாயில் கரை கிடையாது, தண்ணீர் பரந்து போய் மாடு மேய்கிற தரையோடு கலந்துவிடும். அந்தப் பக்கம் அரைப் பர்லாங் நடந்தாலும் முழங்கால்தான் நனையும். தம்பிக்காரன் நான் உன் கையைப் பிடித்து அங்கேதான் கூட்டிப்போவேன். நீ உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வாய், நான் கேலி பண்ணுவேன்.

நீ போன அன்றைக்கு உனக்கு லீவு நாள். ஏரியைக் காட்டிக்கொண்டே வீடியோவில் பேசினாய். "ஆச தீரக் குளிக்கணும்போல இருக்குடா. எந்தப் பக்கம் எறங்கலாம்?" என்று என்னைக் கேட்டாய். அங்கே எத்தனையோ பேர் இருக்க, என்னை ஏன் அண்ணே கேட்டாய்? நான் கடையில் பைப் அறுத்துக்கொண்டே பார்த்தேன். ஒரு பக்கம் பாறை உயரமாக இருந்தது. இன்னொரு பக்கம் கூழாங்கல் சரிவு, கரை என்று ஒன்றுமில்லை. "பாறைப் பக்கம் போகாதண்ணே. கரை இல்லாத பக்கமா எறங்கு, அங்கிட்டு ஆழமே இருக்காது" என்றேன். தண்ணீரைப் பற்றிக் கரைத்துக் குடித்தவனைப் போலச் சொன்னேன். நீயும் சரி என்று போனை வைத்தாய்.

அது மனுஷன் கரை போட்டுத் தேக்கிய தண்ணீர் இல்லையாம். மலை மலையாகப் பனி நகர்ந்து வந்து பாறையைக் குடைந்தெடுத்த பள்ளமாம். இதெல்லாம் நான் பிறகு தேடித் தேடிப் படித்தது. உன்னோடு வேலை பார்த்தவர் கரையில் நின்று பார்த்ததை எனக்குச் சொன்னார். அடியில் கிடந்த கல்லெல்லாம் கிட்டத்தில் இருப்பதுபோல் தெரிந்ததாம். முழங்கால் வரை போனாய், இடுப்பு வரை போனாய், அடுத்த எட்டு வைத்தாய், ஆளைக் காணோம். சத்தம்கூட வரவில்லையாம். ஆடி மாசத்திலும் அந்தத் தண்ணீர் மூச்சை அடைக்கிற குளிராம்.

அங்கிருந்து வந்த இறப்புச் சான்றிதழில் இரண்டு காரணம் போட்டிருந்தது. நீரில் மூழ்கியது ஒன்று, குளிர்ந்த நீரில் இதயம் நின்றது ஒன்று. வீட்டில் அந்த இங்கிலீஷ் எனக்கு மட்டும்தான் புரிந்தது. இதயம் நின்றதை மட்டும் வாசித்தேன், தண்ணீரை விட்டுவிட்டேன். தூக்கத்தில் போய்விட்டாய் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். திருச்சி ஏர்ப்போர்ட்டுக்குப் பெட்டி மூடியே வந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக் காட்டோடு தனியாக இருக்கிற மதினிக்கு அந்த ஒரு பொய்தான் துணை. துக்கம் கேட்க யார் வந்தாலும், "அவுக கஷ்டப்படல, தூங்குனபடியே போயிட்டாக" என்று அதைத்தான் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டியிருக்கிறேன்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் போனை எடுத்து எடுத்து வைத்தேன். புதன்கிழமை காலையில் யாழினியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"அந்தப் பக்கம் எறங்கச் சொல்லிப் பெரியப்பாகிட்ட யாருப்பா சொன்னது?"

"நான்தான்" என்றேன்.

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"அப்ப நீங்க போயி அவங்ககிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு, அவங்களையே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. அவங்க எறங்காதன்னு சொன்னா நான் எறங்கல. நீங்க சொல்லி நான் கேக்குறதா இல்லப்பா."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன், எடுக்கவில்லை. அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும். நாளை விடிந்தால் வெள்ளி, அடுத்த நாள் சனி. நேற்று பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு, கந்தர்வக்கோட்டை பஸ் கண்முன்னால் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மதினி வாசலில் நின்று, "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார்களே, அதற்கு மேல் நான் என்ன பேசுவேன்? உன் மனைவியிடமிருந்து உன்னை இன்னொரு தடவை பிடுங்க வேண்டியிருக்கிறது. பிடுங்காவிட்டால் என் பிள்ளை தண்ணீரில் இறங்குவாள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்போது அந்தப் பக்கம் போகிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் மதினிக்குத் தெரியாமல் இது ஊர் கண்ணில் படாது.

அண்ணே, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். அவர்கள் கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவேன். அடித்தாலும், மண்ணை வாரித் தூற்றினாலும் போனை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நிற்பேன். உன்னைக் கொன்றவன் பெற்ற பிள்ளையிடம் "எறங்காத" என்று சொல்ல மதினிக்கு மனசு வர வேண்டும்.

வழி கேட்ட உன்னை அந்தத் தண்ணீரில் இறக்கிவிட்ட
உன் கூடப்பிறந்த தம்பி,
சின்னையா