மூக்கின் மேல் ஒட்டிய அம்பு

நம் பனியன் யூனிட்டின் செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே நின்று என்னோடு சண்டை போட இப்போது இல்லாத என் சரசு நங்கையாவுக்கு,

அண்ணன் மனைவியை நங்கையா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள். படிக்கட்டும். நம் வீட்டில் எல்லாவற்றையும் மெதுவாகப் பேசிப் பேசித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம்.

நம் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில்தான் காய்ச்சல் வந்தது. எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. லிஃப்ட் ஓடாத நாட்களில் துணி பண்டலைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறுகிற உடம்பு. “உனக்கெல்லாம் அது வராது அம்முணி. வந்தாலும் உன்ற வாய்க்குப் பயந்து ஓடிரும்” என்று நீங்கள்தான் சிரித்தீர்கள். உங்களுக்கும் என்னைவிட நாலைந்து வயதுதான் கூட.

ஆஸ்பத்திரியில் என்னைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். மூச்சு விடுவது ஒரு வேலை என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. கை ஓய்ந்தால் தையல் நிற்கிற மாதிரி, நான் ஓய்ந்தால் அது நின்றுவிடும். போனில் அண்ணனிடம் உங்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. “சரசு ஊட்ல நல்லா இருக்கறா. நீ தூங்கு கண்ணு.”

நீங்கள் அதற்குள் போய்விட்டிருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கூடத்துச் சுவரில் மாலை போட்ட உங்கள் படத்தைப் பார்த்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் அழவில்லை. கல் மனசுக்காரி என்று சிலர் நினைத்திருக்கலாம். அழுவதற்கும் மூச்சு வேண்டும் நங்கையா. என்னிடம் அன்று அது இல்லை.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். “வயசு இருந்துச்சு, தப்பிச்சுட்டே.” அப்படியானால் உங்களுக்கு வயசு இல்லையா? நான் கெட்டிக்காரத்தனமாக மூச்சு விட்டேன், உங்களுக்கு அது தெரியவில்லை என்றா அர்த்தம்? அந்தப் பாராட்டை இன்றுவரை நான் வாங்கிக்கொண்டதில்லை. நீட்டியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

நோயின் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. நம் யூனிட்டிலிருந்து பரவியது என்று பேச்சு கிளம்பினால் அதிகாரிகள் ஷட்டரை இழுத்துவிடுவார்கள் என்று அண்ணன் அன்று பயந்தார். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அந்தக் காலம் போய் இத்தனை வருடம் கழித்தும், கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால், உங்களுக்கு நெஞ்சு வலி என்கிறார். எனக்கு டைபாய்டு என்கிறார்.

எனக்கு என்ன ஆனது என்று உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்கிறேன். கொத்துக் கொத்தாக முடி போனது, திரும்ப வந்தது. தெரிந்த சொற்கள் வாய்க்கு வராமல் போயின, அவையும் பெரும்பாலும் வந்துவிட்டன. மாடிப்படியில் பாதியில் நிற்கிறேன், நின்றுவிட்டுத்தான் ஏறுகிறேன். வாசனை மட்டும் திரும்பி வரவேயில்லை. பால் திரிந்தாலும், கேஸ் கசிந்தாலும், மழை பெய்தாலும் எனக்கு ஒன்றுதான். வெறுமை.

இதை அண்ணனிடம் அப்போதே சொன்னேன். “வெளிய சொல்லாத” என்றார். துணியைத் தொட்டுப் பார்க்கிற, மோந்து பார்க்கிற வேலையில் இருப்பவளை அப்படியே சும்மா இருக்கச் சொன்னார்.

போன மாதம் மழை விட்டபாடில்லை. சாயப்பட்டறையிலிருந்து வந்த துணி சரியாகக் காயவில்லை. குழந்தைகள் போடுகிற டீ-ஷர்ட் ஆர்டர். அளவு பார்த்தேன், தையல் பார்த்தேன், சாயம் பார்த்தேன், பாஸ் பண்ணினேன். எல்லாம் பாலிதீன் கவருக்குள் போய், அட்டைப் பெட்டிக்குள் போனது. சரக்கை வாங்குகிற பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர், சென்னைப் பையன், ஒரு பெட்டியைப் பிரித்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

“மேடம், பூஞ்சை வாடை மூக்கைத் துளைக்குது. இதை நீங்க மோந்தே பாக்கலையா?”

அண்ணன் முந்திக்கொண்டார். “அம்முணிக்கு ரெண்டு நாளா சளிங்க. அதானுங்க.”

அந்த ‘சளி’யைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. நெஞ்சு வலி, டைபாய்டு, இப்போது சளி.

“சளி இல்லீங்க. எனக்குக் கொரோனா வந்து சாகக் கிடந்தேன். அதுலிருந்து வாசம் தெரியறதில்லீங்க” என்றேன்.

அந்தப் பையன் திட்டவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “அப்ப இத்தனை நாளா யாரு மோந்து பாத்தாங்க?”

நான் டேபிளைத் திரும்பிப் பார்த்தேன். மல்லிகாவை உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் கையைப் பிடித்து வேலைக்குச் சேர்த்தவள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “எங்களுக்கெல்லாம் வந்துச்சுங்க்கா. துணியப் பிரிக்கறப்பவே வந்துச்சு. நீங்க பாத்து பாஸ் பண்ணுன துணியாச்சே. நாங்க எப்படிங்க்கா சொல்றது? மரியாதையா இருக்காதுங்களே.”

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? சொல்லுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ போட்டுப் பேசிப் பேசி, ஒரு லாட் முழுவதும் நாறிக்கொண்டிருப்பதைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் துணியை என் தலையில் வீசி, “மூக்கு என்ன முகத்துக்கு அலங்காரமா?” என்று கத்தியிருப்பீர்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கத்தல்தான்.

சரக்கு ஃபெயில். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. ஆபீஸ் அறையில் கதவைச் சாத்திவிட்டு அண்ணன் சொன்னார்.

“நாளையிலிருந்து நீ வர வேண்டாம். ஊட்ல இரு. உனக்கு என்ன கொறச்சல்?”

“என்ன கொறச்சல்னு இப்பத்தான வெளிய சொன்னனுங்ணா.”

“அதான் தப்புங்கறேன். ஒறம்பரை சொந்தத்துக்கெல்லாம் தெரியோணுமா? பையருக்குத் தெரியோணுமா?”

“நங்கையா போனதுக்கும் சளின்னு சொல்லிருவீங்களாங்ணா?”

அவர் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திறந்தார், குடிக்காமல் மறுபடி மூடினார். அவரையும் நான் தவறாகச் சொல்லவில்லை. உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட விடாமல் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த நோயின் பெயரைச் சொன்னால் அந்தப் பொட்டலம் அவர் கண் முன்னால் வந்துவிடும் போலிருக்கிறது. ஆனால் அவருடைய பயத்துக்காக நான் வீட்டில் போய் உட்கார முடியாது. இந்தச் செக்கிங் வேலை என் படிப்பாலும் உங்களாலும் எனக்குக் கிடைத்தது. நோய் எடுத்துக்கொள்ளாததை அண்ணன் எடுத்துக்கொள்வதா?

அன்று வீட்டில் யோசித்துக்கொண்டே இருந்தேன். நம் வேலையே குறையைக் காட்டுவதுதானே? ஓட்டை இருக்கிற இடத்தில், கறை இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஆல்டருக்கு அனுப்புகிறோம். அதைச் சரி செய்து திரும்பக் கொண்டுவருவார்கள், பாஸ் ஆகும், கப்பல் ஏறும். அம்பு ஒட்டாமல் விட்ட பீஸ்தான் நம்மைக் கவிழ்க்கும். பனியனுக்குத் தெரிந்த இந்த நியாயம் மனிதர்களுக்கு வரும்போது மட்டும் எங்கே போகிறது?

மறுநாள் காலை வேலைக்குப் போனேன். டேபிளில் இருந்த ரோலிலிருந்து ஒரு அம்பைக் கிழித்து என் மூக்கின் மேல் ஒட்டிக்கொண்டேன்.

முதலில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. பிறகு மல்லிகா வாயைப் பொத்தினாள், அவ்வளவுதான், டேபிள் முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது. “இந்த மூக்கு வேலை செய்யாது. இனிமே நீங்கதான் எனக்கு மூக்கு. நாறுச்சுன்னா நாறுதுன்னு சொல்லோணும். மரியாதைய ஊட்ல வெச்சுட்டு வாங்க” என்றேன்.

“அப்பச் சொல்லட்டுங்களாக்கா?” என்றாள் மல்லிகா. “நேத்து நீங்க கொண்டுவந்த கொழம்பு ஊசிப் போயிருந்துச்சுங்க. அதையே ருசிச்சுச் சாப்ட்டீங்க.”

சிரித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் வந்துவிட்டார். என் மூக்கைப் பார்த்தார்.

“கழட்டு அத.”

“மாட்டனுங்ணா.”

எல்லோரும் குனிந்து துணியைப் பார்த்தார்கள். நானும் நகரவில்லை, அவரும் நகரவில்லை. அப்போது மல்லிகா தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். “அக்கா, இந்த பண்டல்ல மெஷின் எண்ணெய் வாடை வருதுங்க.”

அண்ணன் அந்த பண்டலை வாங்கி முகர்ந்தார். நெடுநேரம் முகத்தை எடுக்கவில்லை. “ஆமா. வருது. இத வாஷிங்குக்குப் போடு” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், “உங்க அக்காளுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுங்க. அவளுக்கு வாசம் தெரியாது. கொரோனா வந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். உங்கள் பெயரோடு சேர்த்துச் சொல்ல அவருக்கு இன்னும் நாள் ஆகும். நான் காத்திருக்கப் போவதில்லை. அதுவரை நான் சொல்கிறேன்.

நங்கையா, உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். கல்யாண வீட்டிலோ, பஸ்ஸிலோ, பையர் முன்னாலோ யார் கேட்டாலும், எனக்கு என்ன வந்தது, என்ன போனது, யார் போனார்கள் என்று முழுசாகச் சொல்வேன். இடையில் மூச்சு வாங்கும். நின்று வாங்கிக்கொண்டு, மீதியையும் சொல்வேன்.

இப்படிக்கு, உங்களோடு ஒரே வாரத்தில் காய்ச்சலில் விழுந்து, எழுந்து நிற்கிற,
உங்கள் நாத்தனார்
பூங்கொடி