பச்சையாக மாறிய உன் பெயர்

உன் போனைச் சுற்றியிருந்த கவரைப் போன வாரம்தான் பிரித்தேன். இறால் கட்டுகிற அதே தடித்த பாலித்தீன் கவர், மேலே இரண்டு ரப்பர் பேண்டு. உப்பும் அழுகின இறாலும் சேர்ந்த வாடை குப்பென்று அடித்தது. மீஞ்சூர் வீட்டில் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தும் சாயங்காலம் வரை போகவில்லை. சார்ஜ் போட்டதும் திரை எரிந்தது. பழவேற்காட்டு ஏரி உன்னை வைத்துக்கொண்டு, உன் போனை ஒரு சொட்டு நீர் படாமல் திருப்பித் தந்திருக்கிறது. போனுக்கு மட்டும் இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டினாயே என்று உன்மேல் கோபம் வந்தது. செத்தவன்மேல் கோபப்படுவது சுலபம், எதிர்த்துப் பேச மாட்டான்.

உன் பெண்டாட்டி செல்விதான் அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இதுல இருக்கிற போட்டோவெல்லாம் எடுத்துக் குடுண்ணே, பொண்ணு கேட்டுக்கினே இருக்குது" என்றாள். படகு கிடைத்த அன்று அது குறுக்குப் பலகையில் கட்டியபடியே இருந்ததாம். ஒரு வருஷம் அவள் அதைத் தொடவேயில்லை.

பழவேற்காட்டுப் பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. நான் ரயிலேறி சென்னைக்குப் போய் மொபைல் செயலி எழுதுகிறவன் ஆனேன். நீ பசியாவரத்தில் படகேறினாய். "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் சோறு வாங்க ஆப் எழுதுற, எங்களுக்கு ஒண்ணு எழுத மாட்டியா பாய்?" என்று நச்சரித்ததும் நீதான். அதுவரை, காற்று, அலை எச்சரிக்கை வந்தால் ஊர்ப் பெரியவர் தாஸ் அண்ணன்தான் கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு படகுக்கும் போன் போடுவார். எடுக்காதவனை விடவே மாட்டார். "கொரல் கேட்டாதான் ஆளு இருக்கான்னு அர்த்தம்" என்பார். நீ அவரைப் போலவே பேசிக் காட்டி என்னைச் சிரிக்க வைப்பாய்.

அவர் வேலையைக் குறைக்கிறேன் என்று கிளம்பினேன். எச்சரிக்கை வந்ததும் திரையின் அடியிலிருந்து ஒரு பாப்-அப் எழும்பும். படித்துவிட்டு 'பார்த்தேன்' என்ற பொத்தானை அழுத்தினால் அது மூடிக்கொள்ளும். தாஸ் அண்ணனின் பட்டியலில் அந்த ஆளின் பெயர் பச்சையாகும். பச்சையாகாத பெயர்களை மட்டும் அவர் கூப்பிட்டால் போதும். ஆனால் பொத்தானை அழுத்தாமல், பாப்-அப்புக்கு வெளியே திரையில் எங்கே விரல் பட்டாலும் அது மூடும். நான் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக்கினேன். மூடினால், பார்த்துவிட்டான் என்று எழுதினேன். எப்படி மூடியது என்று கேட்கவே இல்லை.

நீ அதைக் கண்டுபிடித்தாய். சோதித்துப் பார்க்க என்னைப் படகில் கூட்டிப்போன அன்று, கவருக்குள் இருந்த போன்மேல் அலைத் தண்ணீர் தெறித்தது. ஈரத்தில் கவர் திரையோடு ஒட்டியதும் பாப்-அப் படக்கென்று இறங்கிப் போனது.

"இன்னா பாய், நான் தொடவேயில்ல, அது பாட்டுக்கு மூடிக்குது!"

"உன் கை ஈரம்டா."

"கை எங்க, போன் எங்க? கதவு சாத்திச்சுன்னா வூட்டுக்காரன் சாத்தினானா, காத்து சாத்திச்சான்னு பாக்கணுமா இல்லியா?"

பார்க்கலாம் என்றேன். சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியலில் கடைசி வரியாக எழுதி வைத்தேன். நிறத்தை மாற்றினேன், எழுத்தைப் பெரிதாக்கினேன், ஒரு அலை படம் வரைந்து சேர்த்தேன். அந்தக் கடைசி வரி அங்கேயே கிடந்தது. கவரில் போனைச் சுற்றாத மீனவன் நம் ஏரியில் ஒருவன்கூட இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

நீ கடைசியாகப் போன அன்று உன் பாடு, வலை கட்டுகிற முறை. எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைக்கிற ஊர் இது. உன் முறையை விட்டால் அடுத்தது எப்போது வருமோ. கூட வருகிறவனுக்குக் காய்ச்சல் என்பதால் தனியாகப் போனாய். முகத்துவாரத்தருகே வலை கட்டியிருப்பவர்கள் உடனே கரையேற வேண்டும் என்று மத்தியானம் எச்சரிக்கை வந்தது. மூன்று பேர் பச்சையாகவில்லை. தாஸ் அண்ணன் அந்த மூன்று பேரையும் விடாமல் கூப்பிட்டுக் கரையேற்றிவிட்டார். உன் பெயர் பச்சையாக இருந்தது.

சாவு வீட்டில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பச்சை வந்துச்சு பாய், பாத்துட்டான்னுதான் வுட்டேன்" என்றார். ஊரும் அதையே சொன்னது. பார்த்துவிட்டும் வலையை விட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தான், பேராசைக்காரன். நான் வாயே திறக்கவில்லை. எனக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகம்தானே என்று ஒரு வருஷம் அதையும் மூடி வைத்தேன்.

உன் போனில் அந்த மத்தியானத்தின் பதிவு அப்படியே இருக்கிறது. பாப்-அப் எழும்பிய அதே நொடியில் மூடியிருக்கிறது. ஒரு வரிகூட யாராலும் படித்திருக்க முடியாது. கவரை மறுபடி சுற்றி, குழாயடியில் காட்டி, எச்சரிக்கை அனுப்பிப் பார்த்தேன். என் கண்முன்னே மூடிக்கொண்டது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை பசியாவரம் போய்ச் செல்வியிடம் சொன்னேன். உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது.

"அப்போ அது பாக்கவேயில்லியா?"

"பாக்கல."

"பாத்துட்டும் குந்தினியே பாவின்னு தெனம் அத வையறேண்ணே நானு. பொண்ணுகிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன், உங்க நைனாவுக்கு நம்மளவிட எறாதான் பெருசுன்னு."

படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சிக்கய்யா, மன்னிச்சிக்கய்யா" என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நான் எழுந்தபோது, "ஊருல எல்லாருகிட்டயும் சொல்லு. அந்தப் போன நீயே வெச்சிக்க. அது இங்க இருந்தா உன்ன வைவேன்" என்றாள். வைதிருக்கலாம் அவள்.

ஊரில் சொன்னேன். பிறகு செயலியைத் திருத்தினேன். பொத்தானை அழுத்தி மூடினால் மட்டும் பச்சை. வேறு எப்படி மூடினாலும் பெயர் சிவப்பாகி, தாஸ் அண்ணனின் போன் அடிக்கும். நான்கு வரிதான். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

நேற்று பழைய பதிவில் உன் பெயரின் பச்சையையும் எடுத்தேன். பொய்யை விட்டுவைக்க மனம் வரவில்லை. வேலைக்குப் போக ஏறிய சென்னை ரயில் மீஞ்சூரை விட்டுக் கிளம்பக்கூட இல்லை, தாஸ் அண்ணன் கூப்பிட்டார்.

"பாய், போன் அடிக்குது. அவன் பேரு செவப்பா வருதே."

"நான்தாண்ணே மாத்துனேன்."



"அன்னைக்கு இப்படி அடிச்சிருந்தா, கூப்ட்டிருப்பேனே பாய்" என்றார்.

உன் போன் என் பையில்தான் இருக்கிறது. கவரை மாற்றவில்லை.